யாருக்குத் தடுப்பு? இடர்வாய்ப்புள்ள வளரிளம் பருவத்தினரின் மனச்சோர்வு, மனப்பதற்றத் தடுப்பு முயற்சிகளின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

வளரிளம் பருவத்தில் தோன்றும் மனச்சோர்வையும் மனப்பதற்றத்தையும் நோயாக முற்றுவதற்கு முன்னரே தடுக்க இயலும் என்னும் கருத்து, 1990-களில் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் முறையான ஆய்வுகளுக்கு உட்படுத்தப்பட்டது. தொடக்க ஆய்வுகள் இளையோரைத் திறன் கற்க வேண்டிய மாணவராகவே கண்டன. பின்னர் வந்த ஆய்வுகளின் முடிவுகள், அத்திறன் பயன்படுவதும் பயன்படாமற் போவதும் இளையோர் வாழும் வீட்டையும் பள்ளியையும் பொறுத்தவை என்பதை வெளிப்படுத்தின. பெற்றோர் நோயுற்றிருக்கும் வீடுகளில் தடுப்புப் பயிற்சி பயனிழந்தது என்னும் 2009-ஆம் ஆண்டின் முடிவு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அத்திருப்பத்திற்கு இட்டுச்சென்ற வழியையும், அதன்பின் தடுப்பு என்னும் கருத்து அடைந்த மாற்றத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வளரிளம் பருவம், மனச்சோர்வு, மனப்பதற்றம், தடுப்பு, இடர்வாய்ப்பு, அறிதல்-நடத்தைச் சிகிச்சை, பெற்றோர்

முன்னுரை

தொற்றுநோய்த் தடுப்பின் வரலாறு பரவலாக எழுதப்பட்டுள்ளது. அம்மை, இளம்பிள்ளை வாதம் ஆகியவற்றின் தடுப்பில் நோய்க்காரணி ஒன்று, தடுப்பூசி ஒன்று, பயனாளர் அனைவரும். மனநோய்த் தடுப்பிற்கு இத்தகைய எளிய அமைப்பு இல்லை. மனச்சோர்வுக்குத் தனித்த காரணி ஒன்றைச் சுட்ட இயலாது. மரபு, குடும்பச் சூழல், இழப்பு, வறுமை, வன்முறை, உடல்நோய் எனப் பல கூறுகள் சேர்ந்து இயங்குகின்றன. ஆகவே, எதைத் தடுப்பது என்பதைக் காட்டிலும் யாருக்குத் தடுப்பு வேண்டும் என்பதே இத்துறையின் முதன்மை வினாவாக அமைந்தது.

ஒருவருக்கு மனச்சோர்வு வருவதற்கான வாய்ப்பு பிறரைவிட மிகுதி என்று முன்கூட்டியே கூற முடியுமாயின், அவர் 'இடர்வாய்ப்புள்ளவர்' எனப்படுகிறார். இச்சொல்லின் பொருள் காலந்தோறும் மாறி வந்துள்ளது. ஒரு காலத்தில் அது குற்றம் புரியக்கூடிய சிறுவனைக் குறித்தது. பின்னர் வினாத்தாளில் மிகுந்த மதிப்பெண் பெற்ற மாணவியைக் குறித்தது. அதன்பின் மனச்சோர்வுற்ற தாய் அல்லது தந்தையின் பிள்ளையைக் குறித்தது. இம்மாற்றத்தைப் பின்தொடர்வதே தடுப்பின் வரலாற்றை அறியும் வழியாகும்.

மனநலக் காப்பியக்கமும் குழந்தை வழிகாட்டு மையங்களும்

மனநோயைத் தடுக்கலாம் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிறுவன வடிவம் பெற்றுவிட்டது. மனநோய் விடுதிகளில் நோயாளியாக இருந்து மீண்ட கிளிஃபர்ட் பியர்ஸ் 1908-இல் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் மனநலக் காப்பிற்கான தேசியக் குழு தோன்றியது. அதே 1909-இல் சிகாகோவில், சிறார் நீதிமன்றத்துடன் இணைந்து, வில்லியம் ஹீலியின் தலைமையில் சிறார்க்கான மனநல ஆய்வு மையம் ஒன்று இயங்கத் தொடங்கியது. 1922 முதல் காமன்வெல்த் நிதியத்தின் உதவியுடன் குழந்தை வழிகாட்டு மையங்கள் பல நகரங்களில் நிறுவப்பட்டன.

இம்முயற்சிகளின் நோக்கம் தடுப்பே. எனினும் அவை தடுக்க விரும்பியது பெரும்பாலும் குற்றச்செயலை. பள்ளிக்குச் செல்லாமை, திருட்டு, கட்டுக்கடங்காமை போன்ற வெளிப்படையான நடத்தைகளை. வகுப்பின் பின்வரிசையில் எவருக்கும் இடையூறின்றி வாடியிருந்த பிள்ளை இம்மையங்களின் பார்வையில் விழுவது அரிதாகவே இருந்தது. தடுப்பு என்பது சமூகத்தைப் பிள்ளையிடமிருந்து காப்பதா, பிள்ளையை அதன் துயரிலிருந்து காப்பதா என்னும் வேறுபாடு அக்காலத்தில் தெளிவாக உணரப்படவில்லை.

ஏற்கப்படாதிருந்த நோய்

இத்தாமதத்திற்குக் கோட்பாட்டுக் காரணம் ஒன்றும் உண்டு. உளப்பகுப்பாய்வுக் கொள்கையில் மனச்சோர்வு என்பது மேல்மனம் தன்னையே தண்டிப்பதால் விளைவது. குழந்தைகளிடம் மேல்மனம் முழுமையாக உருப்பெறவில்லை. எனவே பெரியவர்க்குரிய மனச்சோர்வு குழந்தைகளுக்கு வர இயலாது என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வலுவாக நிலவியது. வளரிளம் பருவத்தினரின் துயரமோ, அப்பருவத்திற்கு இயல்பான கொந்தளிப்பு என்று கருதி ஒதுக்கப்பட்டது.

1970-களில் இந்நிலை மாறத் தொடங்கியது. 1980-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிட்ட நோய்வகைப்பாட்டுக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில், பெரியவர்க்குரிய மனச்சோர்வின் அளவுகோல்களே இளையோர்க்கும் பொருந்தும் என ஏற்கப்பட்டது. பெயரிடப்படாத நோயை எண்ண இயலாது. எண்ணப்படாததைத் தடுக்கவும் இயலாது. ஆகவே, வகைப்பாட்டில் நிகழ்ந்த இம்மாற்றம் தடுப்பு வரலாற்றின் முன்நிபந்தனையாகக் கொள்ளத்தக்கது.

எண்ணும் பணி விரைவிலேயே தொடங்கியது. ஓரிகன் மாநிலத்தின் மேற்குப் பகுதியிலுள்ள ஒன்பது உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 1,709 மாணவர்களை, 1980-களின் இறுதியில் பீட்டர் லூயின்சன் தலைமையிலான குழு நேர்காணல் வழி ஆராய்ந்தது. பதினெட்டு வயதை எட்டுவதற்குள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஒருமுறையேனும் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகின்றனர் என்பது அவ்வாய்வு காட்டிய உண்மை. அவ்வாறு ஆளானோரில் பெரும்பாலோர் எவ்விதச் சிகிச்சையையும் பெற்றிருக்கவில்லை. நோய் வந்தபின் மருத்துவரைத் தேடி வருவோரை மட்டும் கவனிக்கும் முறை இந்நிலைக்குப் போதாது என்பது புலனாயிற்று.

பாடத்திட்டமாக மாறிய சிகிச்சை

தடுப்பிற்கான கருவி வேறொரு திசையிலிருந்து கிடைத்தது. பிலடெல்பியாவில் ஆரன் பெக், மனச்சோர்வுற்றோர் தம்மையும் உலகையும் எதிர்காலத்தையும் எதிர்மறையாகவே காண்கின்றனர் என்றும், அவ்வெண்ணங்களைச் சோதித்துத் திருத்திக்கொள்ளக் கற்பிக்கலாம் என்றும் விளக்கினார். அவரும் அவருடைய உடனாய்வாளரும் எழுதிய சிகிச்சைக் கையேடு 1979-இல் வெளிவந்தது. ஓரிகனில் லூயின்சன், மகிழ்வூட்டும் செயல்கள் வாழ்வில் குறைவதே சோர்வை நிலைநிறுத்துகிறது என்னும் நடத்தையியல் விளக்கத்தை முன்வைத்தார். இவ்விரு சிந்தனைகளும் இணைந்து அறிதல்-நடத்தைச் சிகிச்சையாக உருப்பெற்றன.

லூயின்சன் குழுவின் தனித்த பங்களிப்பு, சிகிச்சையை 'நோயாளிக்கு அளிக்கும் மருத்துவம்' என்னும் நிலையிலிருந்து 'கற்போர்க்கு நடத்தும் வகுப்பு' என்னும் நிலைக்கு மாற்றியதாகும். அதில் பாடநூல் உண்டு, பயிற்சியேடு உண்டு, வீட்டுப்பாடமும் உண்டு. பெரியவர்க்கென உருவாக்கிய இவ்வகுப்பை கிரெகரி கிளார்க்கும் உடனாய்வாளரும் வளரிளம் பருவத்தினர்க்கேற்ப மாற்றி 1990-இல் வெளியிட்டனர். வகுப்பாக அமைந்ததனால், அதனை நோயற்றவர்க்கும் நடத்தலாம் என்னும் வாய்ப்பு இயல்பாகவே திறந்தது.

1995-இல் வெளியான கிளார்க்கின் ஆய்வு அவ்வாய்ப்பை முதன்முதலாக முறையாகச் சோதித்தவற்றுள் ஒன்று. ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் வினாத்தாள் வழங்கப்பட்டது. மனச்சோர்வு அறிகுறிகள் மிகுந்திருந்தும் நோய் என்று கூறுமளவு முற்றாத 150 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு, சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் பள்ளி நேரத்திற்குப் பின் பதினைந்து அமர்வுகளில் பங்கேற்றனர். பயிற்சி பெற்ற பள்ளி உளவியலாளரும் ஆலோசகரும் அவற்றை நடத்தினர். கேலிச்சித்திரங்கள், நடிப்புப் பயிற்சி, குழு உரையாடல் ஆகியவற்றின் வழியாக, தானாகத் தோன்றும் எதிர்மறை எண்ணத்தை அடையாளம் காணவும் அதனை எதிர்வாதிடவும் மாணவர்கள் கற்றனர். ஓராண்டளவிலான தொடர்கண்காணிப்பில், பயிற்சி பெற்றோரில் 14.5 விழுக்காட்டினரும் பெறாதோரில் 25.7 விழுக்காட்டினரும் மனச்சோர்வு நோய்க்கு ஆளாயினர்.

இதே காலத்தில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், லிசா ஜெய்காக்ஸ், ஜேன் கில்லம் ஆகியோர் பத்து முதல் பதின்மூன்று வயதுள்ள பிள்ளைகளுக்கென ஒரு திட்டத்தை வகுத்தனர். 1994-இல் வெளியான அவர்களுடைய முதல் ஆய்வில், சோர்வின் அறிகுறிகளோடு பெற்றோரிடையே பூசல் நிலவுவதாகப் பிள்ளைகள் உணர்வதும் இடர்வாய்ப்பின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. இங்கு ஒரு முரண் கவனிக்கத்தக்கது. இடர் வீட்டில் இருப்பதாக ஆய்வாளர் அறிந்திருந்தனர். ஆயினும் பயிற்சி பிள்ளைக்கு மட்டுமே அளிக்கப்பட்டது. பிள்ளையின் விளக்கமுறையை மாற்றினால் போதும் என்பது அக்காலத்தின் நம்பிக்கை.

மூவகைத் தடுப்பு

1983-இல் ராபர்ட் கார்டன், நோயின் கட்டத்தைக் கொண்டல்லாமல் பயனாளரைக் கொண்டு தடுப்பை வகைப்படுத்த வேண்டும் என்று முன்மொழிந்தார். அமெரிக்க மருத்துவக் கழகம் 1994-இல் வெளியிட்ட மனநோய்த் தடுப்பு அறிக்கை இப்பகுப்பை ஏற்று விரிவாக்கியது. அதன்படி, மக்கள் அனைவர்க்கும் அளிப்பது பொதுத் தடுப்பு. இடர்க்காரணி உடைய குழுவினர்க்கு அளிப்பது தெரிந்தெடுத்த தடுப்பு. தொடக்க அறிகுறிகள் தோன்றியவர்க்கு அளிப்பது சுட்டிய தடுப்பு. கிளார்க்கின் 1995-ஆம் ஆண்டு ஆய்வு மூன்றாம் வகையைச் சேர்ந்தது.

இப்பகுப்பு ஒவ்வொரு வகைக்கும் உரிய இழப்பையும் தெளிவாக்கியது. பொதுத் தடுப்பில் எவரும் முத்திரை குத்தப்படுவதில்லை. ஆனால் நோய் வாராதவர்க்கே பெரும்பகுதி உழைப்பு செலவாகிறது. சுட்டிய தடுப்பில் உழைப்பு உரியவரைச் சென்றடைகிறது. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்று, தான் தனியே அழைக்கப்படுவதன் பொருளை உணர்ந்துகொள்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே எதனைத் தேர்வது என்னும் வினா, பின்வந்த ஆய்வுகளை இரு கிளைகளாகப் பிரித்தது.

பெற்றோர்வழி இடர்: ஓரிகன் முதல் நான்கு நகரங்கள் வரை

தெரிந்தெடுத்த தடுப்பிற்கு அடிப்படை அமைத்தவர் மிர்னா வைஸ்மன். 1980-களின் தொடக்கத்தில் நியூ ஹேவன் நகரில் அவர் தொடங்கிய ஆய்வு, மனச்சோர்வுற்ற பெற்றோரின் பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. இருபதாண்டுக் கண்காணிப்பின் முடிவில், இப்பிள்ளைகளுக்கு மனச்சோர்வும் மனப்பதற்றமும் வரும் வாய்ப்பு பிறரைவிட ஏறத்தாழ மும்மடங்கு எனக் கண்டறியப்பட்டது. மனப்பதற்றம் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலும், மனச்சோர்வு வளரிளம் பருவத்திலும் தலைகாட்டின. இரண்டும் தனித்தனி நோய்கள் என்பதினும், ஒன்றன்பின் ஒன்றாக வரும் நிலைகளாகப் பலரிடம் அமைந்தன.

இதனைக் கொண்டு கிளார்க், போர்ட்லாந்து வட்டாரத்தில் ஒரு மருத்துவக் காப்பீட்டு அமைப்பின் வழி மனச்சோர்வுச் சிகிச்சை பெற்றுவந்த பெரியவர்களின் பிள்ளைகளை நாடினார். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ள, நோய் முற்றாத அறிகுறிகள் கொண்ட 94 பேர் பங்கேற்ற இவ்வாய்வு 2001-இல் வெளியானது. ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட கண்காணிப்பில், பயிற்சிக் குழுவில் 9.3 விழுக்காட்டினரும், வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்ற குழுவில் 28.8 விழுக்காட்டினரும் மனச்சோர்வுற்றனர். இரண்டாம் ஆண்டில் இவ்வேறுபாடு குறைந்துவந்த போதிலும், இத்துறையில் இதற்கு முன் காணாத அளவு பெரிய பயன் இது.

அடுத்த ஆண்டே வெளிவந்த மற்றோர் ஆய்வு போதிய கவனம் பெறவில்லை. அதே காப்பீட்டு அமைப்பில், மனச்சோர்வுற்ற பெற்றோரின் பிள்ளைகளுள் ஏற்கெனவே தாமும் நோயுற்றுவிட்டவர்க்குக் கிளார்க் குழுவினர் அறிதல்-நடத்தைக் குழுச் சிகிச்சை அளித்தனர். வழக்கமான கவனிப்பைக் காட்டிலும் அதனால் கூடுதல் பயன் விளையவில்லை. பிற இளையோரிடம் பயனளித்த அதே முறை இவர்களிடம் ஏன் பயனளிக்கவில்லை என்னும் வினா அப்போது விடையின்றி நின்றது.

விடையின் ஒரு பகுதி 2009-இல் வெளிப்பட்டது. ஜூடி கார்பர் தலைமையில் கிளார்க், டேவிட் பிரென்ட், வில்லியம் பியர்ட்ஸ்லி உள்ளிட்டோர் போஸ்டன், நாஷ்வில், பிட்ஸ்பர்க், போர்ட்லாந்து ஆகிய நான்கு நகரங்களில் நடத்திய கூட்டாய்வு அது. போர்ட்லாந்தில் கண்ட பயன் பிற இடங்களிலும், பிற கைகளிலும் நிலைக்குமா என்று சோதிப்பது அதன் நோக்கம். பதின்மூன்று முதல் பதினேழு வயதுடைய 316 பேர் சேர்க்கப்பட்டனர். ஒவ்வொருவரின் தாயோ தந்தையோ மனச்சோர்வுக்கு ஆளானவர். ஒவ்வொருவரும் முன்னர் மனச்சோர்வுற்று மீண்டவராகவோ தற்போது அறிகுறிகள் உடையவராகவோ இருந்தனர். வாரம் ஒன்றாக எட்டு அமர்வுகளும், பின்னர் மாதம் ஒன்றாக ஆறு அமர்வுகளும் நடத்தப்பட்டன.

ஒன்பது மாத முடிவில் பயிற்சிக் குழுவில் 21.4 விழுக்காடும் மற்றக் குழுவில் 32.7 விழுக்காடும் நோய் கண்டது. பயன் உண்டு; முந்தைய ஆய்வைவிடக் குறைவு. ஆனால் இம்முழுமைத் தொகைக்குள் இரு வேறு கதைகள் மறைந்திருந்தன. ஆய்வு தொடங்கிய நேரத்தில் பெற்றோர் நோயின்றி இருந்த வீடுகளில், பயிற்சி பெற்றோரில் 11.7 விழுக்காடும் பெறாதோரில் 40.5 விழுக்காடும் நோயுற்றனர். பெற்றோர் அந்நேரத்தில் மனச்சோர்வில் இருந்த வீடுகளிலோ, பயிற்சி பெற்றோரில் 31.2 விழுக்காடும் பெறாதோரில் 24.3 விழுக்காடும் நோயுற்றனர். பின்னைய இரு எண்களுக்கும் இடையிலான வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதன்று. எனினும் பயிற்சியால் பயன் விளைந்ததற்கான சான்று அங்கு எதுவுமில்லை.

இம்முடிவின் கடுமை சிந்திக்கத்தக்கது. இடர்வாய்ப்பு என்னும் சொல்லைக் கேட்டவுடன் எவருடைய முகம் நினைவில் எழுமோ, அவருக்கே பயிற்சி உதவவில்லை. படுக்கையை விட்டு எழ இயலாத தாயின் அருகே வளரும் பிள்ளை, தன் எண்ணம் மிகை என்று வகுப்பில் கற்று வீடு திரும்பும்போது, அவ்வெண்ணத்தை மெய்ப்பிக்கும் காட்சியையே காண நேரலாம். கற்றதைப் பழகிப் பார்க்கத் துணைநிற்பார் வீட்டில் இல்லாமையும், ஓயாத வீட்டுநெருக்கடியும், மரபுவழி வந்த மிகுந்த நோய்ச்சார்பும் இதற்குரிய விளக்கங்களாக முன்வைக்கத்தக்கவை. இவற்றுள் எது முதன்மையானது என்பதை அவ்வாய்வின் அமைப்பு பிரித்துக்காட்டக் கூடியதன்று.

இது தற்செயலான முடிவும் அன்று. 2013-இல் வெளியான முப்பத்து மூன்று மாதத் தொடர்கண்காணிப்பில் பயிற்சிக் குழுவில் 36.8 விழுக்காடும் மற்றக் குழுவில் 47.7 விழுக்காடும் நோய்கண்டிருந்தது. 2015-இல் பிரென்ட் வெளியிட்ட ஆறாண்டுக்கு மேற்பட்ட கண்காணிப்பிலும் பயன் முற்றிலும் மறையவில்லை. அப்பயனின் பெரும்பகுதி முதல் ஒன்பது மாதங்களில் விளைந்தது. தொடக்கத்தில் பெற்றோர் நோயுற்றிருந்தனரா இல்லையா என்பதே அப்போதும் பயனைத் தீர்மானித்தது.

மனப்பதற்றத் தடுப்பு: குடும்பத்தை உடன்கொண்ட வழி

மனப்பதற்றத் தடுப்பின் வரலாறு சற்று வேறுவகையில் வளர்ந்தது. ஃபிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பிலிப் கெண்டல் உருவாக்கிய பதற்றச் சிகிச்சைமுறை ஆஸ்திரேலியாவில் தழுவப்பட்டபோது, அங்குப் பெற்றோர்க்கான அமர்வுகளும் அதனுடன் இணைக்கப்பட்டன. குயின்ஸ்லாந்தில் மார்க் டாட்ஸ், பவுலா பாரெட் முதலியோர் ஏழு முதல் பதினான்கு வயதுள்ள 128 பேரிடம் நடத்திய ஆய்வு 1997-இல் வெளியானது. பதற்ற அறிகுறிகள் இருந்தும் நோய் முற்றாதிருந்த பிள்ளைகளுள், கண்காணிக்கப்பட்ட குழுவில் 54 விழுக்காட்டினர் ஆறு மாதத்திற்குள் நோயுற்றனர். பயிற்சிக் குழுவில் அது 16 விழுக்காடு. ஓராண்டில் இரு குழுக்களும் நெருங்கிவந்தன. ஆயினும் இரண்டாம் ஆண்டில் பயிற்சிக் குழுவின் நன்மை மீண்டும் தெரிந்தது.

பதற்ற நோயுடைய பெற்றோரின் பிள்ளைகளைக் கோல்டா கின்ஸ்பர்க் ஆராய்ந்தார். 2015-இல் வெளியான அவருடைய ஆய்வில், ஆறு முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும் ஒருங்கே பயிற்சி பெற்றனர். 136 குடும்பங்கள் பங்கேற்ற அவ்வாய்வில், பயிற்சியற்ற குழுவில் ஓராண்டுக்குள் பதின்மரில் ஏறத்தாழ மூவர் பதற்ற நோய்க்கு ஆளாயினர். பயிற்சி பெற்ற குடும்பங்களில் அது பதின்மரில் ஒருவரினும் குறைவு. பிள்ளை அஞ்சும் ஒவ்வொன்றையும் அதன் பாதையிலிருந்து விலக்கிவிடும் பெற்றோரின் பழக்கமே அச்சத்தை வளர்ப்பதாக அமையக்கூடும் என்பதால், பயிற்சியின் ஒரு பாதி பெற்றோரின் நடத்தையை நோக்கியதாக இருந்தது. மனச்சோர்வுத் துறை 2009-இல் அடைந்த தெளிவை, மனப்பதற்றத் துறை தன் வழியில் முன்னரே நெருங்கியிருந்தது எனலாம்.

அனைவர்க்குமான தடுப்பின் பின்னடைவு

இதே காலத்தில் பொதுத் தடுப்புக் கிளை பெரிய அளவில் வளர்ந்தது. வகுப்பறையில் அனைவர்க்கும் கற்பித்தால் முத்திரை குத்தும் இடர்ப்பாடு இல்லை. பள்ளி ஆசிரியரே கற்பித்தால் செலவும் குறைவு. ஆஸ்திரேலியாவில் ஐம்பது உயர்நிலைப் பள்ளிகளில் மூன்றாண்டுகள் நடைபெற்ற பெருந்திட்டம், மாணவர்களின் சோர்வு அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க மாற்றத்தை ஏற்படுத்தவில்லை என்பது 2010-இல் தெரியவந்தது. இங்கிலாந்தில் எட்டுப் பள்ளிகளைச் சேர்ந்த 5,030 மாணவர்களைக் கொண்டு பால் ஸ்டாலர்ட் நடத்திய ஆய்வு 2012-இல் வெளியானது. வகுப்பறையில் அளித்த அறிதல்-நடத்தைப் பயிற்சியால், இடர்வாய்ப்பு மிகுந்த மாணவர்க்குப் பயன் ஏதும் கிட்டவில்லை என்பது அதன் முடிவு. தம் துயரத்தை உற்றுநோக்கக் கற்பதே சிலரிடம் அதனை மிகுத்திருக்கலாம் என்னும் ஐயத்தையும் அவ்வாய்வாளர் எழுப்பினர்.

2022-இல் வெளியான மற்றொரு பிரித்தானிய ஆய்வு எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் எண்ணாயிரத்திற்கும் மேற்பட்ட மாணவர்களை உள்ளடக்கியது. மனக்குவிப்புப் பயிற்சியை ஆசிரியர் வகுப்பறையில் கற்பித்தனர். வழக்கமான பாடங்களைவிட அதனால் நன்மை விளையவில்லை. கற்பித்த பயிற்சியை வீட்டில் மேற்கொண்ட மாணவர் மிகச் சிலரே. தொகுப்பாய்வுகளும் இதே திசையைக் காட்டின. 2016-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, தடுப்புத் திட்டங்களின் பயன் சிறிதென்றும், இடர்வாய்ப்புள்ளோர்க்கான திட்டங்களிலேயே அது ஓரளவு தெரிகிறதென்றும் கணித்தது. பயிற்சிக்கு ஈடான கவனத்தை மட்டும் பெற்ற குழுக்களுடன் ஒப்பிடுகையில் அச்சிறு பயனும் புலப்படவில்லை.

இவ்வரிசையில் விதிவிலக்காக நிற்பது இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வு. பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் சங்கத் அமைப்பினரும் விக்ரம் பட்டேல் உள்ளிட்ட ஆய்வாளரும் நடத்திய அவ்வாய்வின் முதல் முடிவுகள் 2018-இல் வெளியாயின. அத்திட்டம் மாணவரின் எண்ணங்களைத் திருத்த முனைவதைவிடப் பள்ளியின் சூழலை மாற்ற முனைந்தது. உடல்தண்டனை, வம்பிழுத்தல், ஆசிரியர் மாணவர் உறவு ஆகியவற்றில் கருத்தைச் செலுத்தியது. ஒரு பிரிவுப் பள்ளிகளில் ஆசிரியரும், மற்றொரு பிரிவில் இதற்கெனப் பயிற்சி பெற்ற, உளவியல் பட்டம் பெறாத ஆலோசகரும் திட்டத்தை நடத்தினர். ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் பள்ளிச்சூழல் மேம்பட்டது. சோர்வு அறிகுறிகளும் வம்பிழுத்தலும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் இம்மாற்றம் நிகழவில்லை. அனைவர்க்குமான திட்டமாயினும், அது கைவைத்தது தனிமனத்தின் மீதன்று, சூழலின் மீது என்பதே மேற்கண்ட வகுப்பறைத் திட்டங்களிலிருந்து அதனை வேறுபடுத்துவது.

பெற்றோர்க்குச் சிகிச்சை, பிள்ளைக்குத் தடுப்பு

நான்கு நகர ஆய்வு எழுப்பிய வினாவிற்கு, அதற்கு முன்னரே மற்றொரு துறையில் விடையின் தொடக்கம் இருந்தது. பெரியவர்களின் மனச்சோர்வுச் சிகிச்சையை ஆராய்ந்த ஓர் அமெரிக்கப் பெருந்திட்டத்தில் சேர்ந்த தாய்மாரின் பிள்ளைகளை வைஸ்மன் குழுவினர் தனியே கண்காணித்தனர். ஏழு முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளைக் கொண்ட 151 இணைகள் அதில் இடம்பெற்றன. 2006-இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதச் சிகிச்சையில் தாய் குணமடைந்த வீடுகளில் பிள்ளைகளின் மனநோய் விகிதம் 11 விழுக்காடு குறைந்தது. தாய் குணமடையாத வீடுகளில் ஏறத்தாழ 8 விழுக்காடு உயர்ந்தது. அப்பிள்ளைகளுக்கு அவ்வாய்வு எச்சிகிச்சையும் அளிக்கவில்லை. மருந்து உண்டவர் தாய் மட்டுமே.

குடும்பத்தை ஒருங்கே நோக்கும் முறைகள் இதற்கு இணையாக வளர்ந்தன. போஸ்டனில் பியர்ட்ஸ்லி 1980-கள் முதலே, பெற்றோரின் நோயைப் பற்றிக் குடும்பத்தினர் வெளிப்படையாகப் பேசவைக்கும் முறையொன்றை உருவாக்கி வந்தார். அம்மாவின் முகம் வாடியிருப்பதற்குத் தானே காரணம் என்று எண்ணும் பிள்ளைக்கு, அது ஒரு நோய் என்று அம்மாவே கூறுவது அம்முறையின் மையம். புரூஸ் காம்பஸ் தலைமையிலான குழு, மனச்சோர்வு வரலாறுடைய பெற்றோர்க்குப் பிள்ளை வளர்ப்புத் திறன்களையும், ஒன்பது முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நெருக்கடியைத் தாங்கும் திறன்களையும் ஒரே குழுவில் கற்பித்தது. 180 குடும்பங்களிடம் நடத்திய ஆய்வில், இரண்டாண்டுகளில் பிள்ளைகளின் மனச்சோர்வு விகிதம் ஒப்பீட்டுக் குழுவில் இருந்ததன் ஏறத்தாழ பாதியாக இருந்தது.

நடைமுறையில் இவ்வறிவு மெல்லவே பரவுகிறது. 2022-இல் அமெரிக்கத் தடுப்புப் பணிக்குழு, பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதினர்க்கு மனச்சோர்வுச் சோதனையையும், எட்டு முதல் பதினெட்டு வயதினர்க்கு மனப்பதற்றச் சோதனையையும் பரிந்துரைத்தது. இப்பரிந்துரை பிள்ளையை நோக்கியது. பெரியவர்க்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் 'உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா?' என்று கேட்பதும், பிள்ளையைக் காணும் ஆலோசகர் 'வீட்டில் எவரேனும் இவ்வாறு துன்புறுகின்றனரா?' என்று கேட்பதும் தடுப்பின் பகுதிகளே என்பதை மேற்கண்ட சான்றுகள் உணர்த்துகின்றன. பெரியவர் மருத்துவமும் சிறார் மருத்துவமும் தனித்தனிக் கதவுகளாக இருக்கும் அமைப்பில் இவ்விரு வினாக்களும் எளிதில் விடுபட்டுப் போகின்றன.

முடிவுரை

வளரிளம் பருவத்தினரின் மனச்சோர்வு, மனப்பதற்றத் தடுப்பின் வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

முதலாவதாக, தடுப்பு இயலும். அறிகுறி உடையோர்க்கும் மனச்சோர்வுற்ற பெற்றோரின் பிள்ளைகளுக்கும் அளிக்கப்பட்ட குறுகிய காலப் பயிற்சிகள், சில சூழல்களில் நோய் தோன்றும் விகிதத்தைப் பாதியாகவும் அதனினும் குறைவாகவும் ஆக்கியுள்ளன.

இரண்டாவதாக, அப்பயன் பயிற்சியின் தரத்தை மட்டும் பொறுத்ததன்று. ஒரே பயிற்சி, ஒரே நகரங்களில், பெற்றோர் நலமாயிருந்த வீடுகளில் பெரும்பயனும் நோயுற்றிருந்த வீடுகளில் பயனின்மையும் காட்டிற்று. ஆகவே, பயிற்சி பயனளிக்காத இளையோரை முயற்சியற்றவர் எனக் கருதுவதற்குச் சான்றில்லை.

மூன்றாவதாக, வகுப்பறையில் அனைவர்க்கும் திறன் கற்பிக்கும் திட்டங்கள் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. பள்ளியின் சூழலையே மாற்ற முனைந்த நாலந்தா முயற்சி பயன் தந்தது. இவ்விரண்டையும் ஒருங்கு நோக்கின், திறனைவிடச் சூழலே முதன்மை பெறுகிறது.

நான்காவதாக, இவ்வாய்வுகளுள் பெரும்பாலானவை அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து ஆகிய நாடுகளின் குடும்ப அமைப்பிலும் மருத்துவ அமைப்பிலும் நிகழ்ந்தவை. தாத்தா பாட்டி, அத்தை, சித்தப்பா எனப் பலர் பிள்ளை வளர்ப்பில் பங்குகொள்ளும் குடும்பங்களில், நோயுற்ற தாயின் இடத்தை மற்றொருவர் ஓரளவு நிரப்புவது பிள்ளையைக் காக்குமா என்பது தனித்து ஆராயத்தக்கது. தமிழ்ச் சூழலில் இத்துறை ஆய்வில் ஈடுபடுவோர்க்கு இவ்வினா உகந்த தொடக்கமாக அமையும்.

'இடர்வாய்ப்புள்ள இளையோர்' என்னும் தொடர் இடரை இளையோரின் மேல் ஏற்றிக் கூறுகிறது. நாற்பதாண்டு ஆய்வின் சான்றுகளோ, அவ்விடரின் பெரும்பகுதி அவர்களைச் சுற்றியுள்ளோரின் துயரத்தில் இருப்பதையே காட்டுகின்றன. தாயின் நோய் தீர்ந்தபோது பிள்ளையின் நலம் தானே மேம்பட்டது என்னும் 2006-ஆம் ஆண்டின் முடிவு, பிள்ளைக்கான தடுப்பு பெரியவரின் சிகிச்சையிலிருந்தும் தொடங்கலாம் என்பதற்குச் சான்றாகிறது.